ஒரு தட்டுக்கு முப்பது காசு

கார்டு வேண்டாம் என்று கெஞ்சுகிற கடைக்காரர்களைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். "சில்லறையா குடுங்களேன்" என்பார் ஒருவர். "சின்னத் தொகைக்கு கார்டு எடுக்கிறதில்ல" என்பார் இன்னொருவர். மெஷின் இன்றைக்கு வேலை செய்யவில்லை என்று வாய் கூசாமல் பொய் சொல்கிறவரும் உண்டு. கையில் காசை நீட்டிக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்து "கார்டு இல்லையா?" என்று கேட்ட ஒரே மனிதர் எங்கள் தெருச் சாவிக்காரர்தான். அதிலும் ஒரே ஆளை ஒரே கார்டை இரண்டு தரம், மூன்று தரம் தட்டச் சொன்னவர் இந்த உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். கிறுக்கு என்றார்கள். ஏதோ தில்லுமுல்லு பண்ணுகிறான் என்றார்கள். தில்லுமுல்லாவது மண்ணாவது. அந்த மனிதருக்கு அது மட்டும் தெரிந்திருந்தால் மாடிப்படிக்கு அடியில் ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறார்?

ஆமாம், கடை மாடிப்படிக்கு அடியில்தான். பேருந்து நிலையத்துக்குப் போகிற தெரு. உள்ளே ஒருவர் உட்காரலாம். இரண்டாமவர் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். சுவர் முழுக்க ஆணிகளில் வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டுகள், கைக்கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரிகள், சாவி வளையங்கள். கொண்டுவந்த சாவியை இயந்திரத்தின் ஒரு பிடியிலும் வெட்டாத சாவியை மறு பிடியிலும் மாட்டி விசையைப் போட்டால் சக்கரம் கீச்சென்று கத்தும், பித்தளைத் தூள் பறக்கும். வெட்டி முடித்ததும் கம்பித் தூரிகையில் பிசிரைத் தேய்த்து, ஊதி, கட்டைவிரலால் பல் ஒவ்வொன்றையும் தடவிப் பார்ப்பார். விரலுக்குத் திருப்தி இல்லையென்றால் ஓரமாகப் போட்டுவிட்டு வேறு சாவி எடுப்பார். "திறக்கலைன்னா திரும்ப கொண்டாங்க" என்று கொடுப்பார். ஒரு வாடிக்கையாளரிடம் அவர் பேசுகிற மொத்தப் பேச்சே அவ்வளவுதான்.

பேசுகிற வேலையை அவர் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, காசு வாங்கி, மீதி கொடுத்து, மீதியை எண்ணிக் கொடுக்கிற சாக்கில் வந்தவர் வீட்டுக் கதை முழுவதையும் பிடுங்கிவிடுவார். "புது வீடா? எத்தனை ரூம்? வாடகை என்ன சொல்றான்? அவ்வளவா? உங்களை நல்லா ஏமாத்திட்டான்." உள்ளே இவர் கேட்டுக்கொண்டே வெட்டுவார். ஊர் உலகத்து விஷயமெல்லாம் அவருக்கு முதுகுப் பக்கமிருந்துதான் வந்து சேரும். அந்த அம்மா இறந்துபோனதும் கடைக்கு வாய் இல்லாமல் போயிற்று. வந்தவர்கள் சாவியை நீட்டினார்கள், காசை வைத்தார்கள், போனார்கள். இவருக்கும் என்ன கேட்பதென்று தெரியவில்லை. படிக்கு மேலே இரண்டு அறை வீடு. ஒரு அறையைச் சாத்தியே வைத்திருந்தார். காலையில் வடித்த சோறுதான் ராத்திரிக்கும்.

ஒரே மகள். கல்யாணமாகித் தூரத்து நகரத்தில் வேலை. அம்மா போன மறுவருஷம் ஊருக்கு வந்தபோது உள்ளங்கை அகலத்தில் அந்தக் கார்டு மெஷினைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள்.

"இனிமே யாருப்பா சில்லறை தூக்கிட்டு அலையப் போறாங்க? இது இல்லைன்னா கடை படுத்துடும்."

"இதெல்லாம் எனக்கு எதுக்கும்மா?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். தொகையை அழுத்துங்க, நீட்டுங்க, அவங்க கார்டைத் தட்டுவாங்க. பணம் ரெண்டு நாள்ல உங்க பேங்குக்குப் போயிடும். உங்ககிட்ட இருக்கிறது பட்டன் போனு, அதனால என் போன்ல பதிஞ்சிருக்கேன். இங்க ஒரு தட்டு தட்டினா அங்க எனக்கு மணி அடிக்கும். அப்பா கடை திறந்துட்டார், நல்லா இருக்கார்னு நான் தெரிஞ்சுக்குவேன்."

கிளம்புகிற அவசரத்தில் அவள் பெட்டியை மூடிக்கொண்டே சொன்ன பேச்சு அது. சொல்லிவிட்டு அவள் மறந்திருப்பாள். சாவிக்காரர் பிடித்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் எல்லாம் ஜோராகத்தான் நடந்தது. சாயங்காலமானால் மகளின் போன் வந்துவிடும். "என்னப்பா, காலையிலேயே நாலு தட்டு? என்ன விசேஷம்?" என்பாள். புதிதாகக் குடிவந்த குடும்பம், வீட்டுக்காரன் ஒரே ஒரு சாவிதான் கொடுத்தானாம், ஆளுக்கொன்று வெட்டிக்கொண்டார்கள் என்று இவர் சொல்வார். "மத்தியானம் சத்தமே இல்லையே, சாப்பிடப் போனீங்களா?" என்பாள். ஆமாம், கத்தரிக்காய், கொஞ்சம் உப்பு கூடிவிட்டது என்பார். கத்தரிக்காயில் உப்புக் கூடியதை ஒரு மனுஷரிடம் சொல்ல முடிகிற பாக்கியம் எவ்வளவு பெரியதென்று, சொல்ல ஆள் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. வாழ்நாளெல்லாம் பேசாத பேச்சை அந்த நாலைந்து மாதத்தில் அவர் பேசினார்.

பிறகு அவளுக்குக் குழந்தை பிறந்தது. தினம் வந்த போன் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஆனது. அதுவும் ஒன்று விட்டு ஒரு ஞாயிறு. பெண்ணைக் குறை சொல்லாதீர்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிறவளுக்கு மூச்சு விடவே நேரம் இருக்காது. சாவிக்காரரும் குறை சொல்லவில்லை. பேச நேரம் இல்லாவிட்டால் போகிறது, மணியாவது கேட்கிறதே என்று நினைத்துக்கொண்டார். அவள் அங்கே என்ன வேலையில் இருந்தாலும் இங்கே ஒரு சாவி வெட்டினால் அவள் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்கிறது. அப்படியானால் சத்தம் கொஞ்சம் கூடத்தான் கேட்கட்டுமே?

அங்கிருந்துதான் அந்தக் கிறுக்கு ஆரம்பித்தது. ஒருவர் சாவியும் வளையமும் வாங்கினால் சாவிக்கு ஒரு தட்டு, வளையத்துக்குத் தனியாக ஒரு தட்டு. நாலு சாவி கேட்டால் ஒன்றை வெட்டி, தடவிப் பார்த்து, தட்டச் சொல்லி, பிறகுதான் அடுத்ததை இயந்திரத்தில் மாட்டுவார். காசு கொடுக்க வந்தவர்களிடம் கார்டு இருக்கிறதா என்று கேட்பார். ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு, "சேர்த்துப் போட்டா மெஷின் முழிக்குதுங்க" என்று ஒரு பதில் வைத்திருந்தார். அடிக்கடி சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் பஸ் கண்டக்டர் ஒருவர் உண்டு. "ஏண்ணே, இன்னும் நாலு தட்டு தட்டினா கதவு தானா திறந்துக்குமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே தட்டுவார்.

அடுத்த போனில் சாவிக்காரர் மெல்லக் கொக்கி போட்டார். "புதன்கிழமை மத்தியானம் செம கூட்டம்மா."

"ம், பார்த்தேன்ப்பா" என்றாள் மகள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

பார்த்தேன் என்றாளே, அது போதும். உச்சி குளிர்ந்து போயிற்று அவருக்கு. அன்று படியேறிப் போய், சாத்தி வைத்திருந்த அறையைத் திறந்து பெருக்கினார்.

இதற்கு நடுவில் ஒரு நாள் வெட்டாத சாவி போடுகிற மொத்த வியாபாரி பாக்கிக்கு வந்து நின்றார். பேங்கில் எடுத்துக் கொடுக்கலாம் என்று போனால் கணக்கில் இருக்க வேண்டியது இல்லை. எத்தனை சாவி வெட்டினோம் என்று அவருக்கு மனப்பாடம். வந்திருந்த தொகையோ அதைவிடக் குறைவாக இருந்தது. பேங்க்காரன் கை வைத்துவிட்டான் என்றே முடிவு கட்டி, மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு சண்டைக்குக் கிளம்பிவிட்டார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பையன் நிதானமாகப் பார்த்துவிட்டு, "நாங்க எடுக்கல சார், மெஷின் கம்பெனி பிடிச்சுக்கிட்டுதான் அனுப்பியிருக்காங்க" என்றான். போட்ட சட்டை வீணாகத் திரும்பி வந்தவர், கம்பெனி மாதா மாதம் அனுப்பும் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்குப் போனார்.

மருந்துக்கடை அம்மா கெட்டிக்காரி. மாத்திரை எண்ணுகிற வேகத்தில் கணக்குப் போடுவார். வாயும் அதே வேகம். தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அண்ணே, கமிஷன் பத்தி யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

"என்ன கமிஷன்?"

"நூறுக்கு ரெண்டு பிடிப்பாங்க. கார்டு குடுத்த பேங்குக்கு அதுல பெரும் பங்கு, கார்டு கம்பெனிக்குக் கொஞ்சம், மெஷின்காரனுக்கு மிச்சம். பணக்காரங்க வெச்சிருக்கிற கார்டா இருந்தா இன்னும் கூட. அது போக மெஷினுக்கு மாச வாடகை. அதெல்லாம் எல்லாரும் அழறதுதான். உங்களை முழுங்கறது இதோ, இது. ஒரு தட்டுக்கு முப்பது காசு."

"ஒரு தட்டுக்கா?"

"தொகை என்னவா இருந்தாலும் சரி. பத்துக்கு தட்டினாலும் முப்பது காசு, ஆயிரத்துக்கு தட்டினாலும் முப்பது காசு. உங்க சாவி விலை பத்து, வளையம் ரெண்டு. ஒண்ணா பன்னெண்டுக்குத் தட்டினா மொத்தம் அம்பத்திநாலு காசு போகும். நீங்க தனித்தனியா தட்டறீங்க. சாவிக்கு அம்பது, வளையத்துக்கு முப்பத்திநாலு. ஆக எண்பத்திநாலு. வளையத்தை என்ன விலைக்கு வாங்கறீங்க?"

"ஒண்ணரை."

"அப்போ அதுல லாபமே அம்பது காசு. முப்பத்திநாலைத் தூக்கிக் குடுத்துட்டு பதினாறு காசுக்கு வியாபாரம் பண்றீங்க. இதுக்கு வளையத்தை சும்மாவே குடுத்துடலாம், புண்ணியமாவது சேரும்." தாளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே செருகினார். "எல்லாத்தையும் கூட்டி ஒரே தட்டா தட்டுங்க. சின்னதுக்கு காசா வாங்குங்க. புரிஞ்சுதா?"

புரியாமல் என்ன? மில்லிமீட்டரில் பாதியை விரலால் கண்டுபிடிக்கிற மனிதருக்கு முப்பது காசு புரியாதா? கடைக்கு வந்து, இயந்திரத்தைப் போடாமல், வெகுநேரம் உட்கார்ந்து யோசித்தார். யோசித்து அவர் வந்து சேர்ந்த முடிவைக் கேட்டால் மருந்துக்கடை அம்மா தலையில் அடித்துக்கொண்டிருப்பார். முப்பது காசு என்பது ஒரு தபால் தலை மாதிரி. அனுப்பினால் போய்ச் சேர்கிறது. மகள் ஊருக்கு ஒருமுறை போய்வருகிற டிக்கெட்டை நினைத்தால் இது கொள்ளை மலிவு. இப்படிக் கணக்குப் போட்டுவிட்டு, அன்று சாயங்காலமே வந்த ஆளிடம் சாவிக்கு ஒரு தட்டு, வளையத்துக்கு ஒரு தட்டு என்று தெரிந்தே வாங்கினார்.

கையைக் கடிக்கத்தான் செய்தது. பேப்பரை நிறுத்தினார். சாயங்கால டீயை நிறுத்தினார். கார் சாவிக்கு வெட்டாத சாவி விலை அதிகம், அதை வாங்கி வைப்பதை நிறுத்தினார். கார்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். போனவர்கள் போகட்டும் என்று இருந்தார். ஒரு நாள் பிடித்த மழை விடவில்லை. தெருவில் காக்காய் குருவி இல்லை. மத்தியானம் தாண்டியும் ஒரு தட்டுகூட இல்லையே, அப்பாவுக்கு உடம்புக்கு ஏதோ என்று பெண் பதறிவிடுவாளே என்று இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் பேங்க் கார்டையே எடுத்து, இரண்டு என்று அழுத்தி, தன் மெஷினில் தானே தட்டினார். சற்று நேரம் கழித்து இன்னொரு தரம் தட்டினார். மழைக்கு ஒதுங்கி வந்து நின்ற மருந்துக்கடை அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, யாரு கார்டு அது?"

"என்னுதுதான்."

"உங்க காசை உங்களுக்கே குடுத்து, நடுவுல நிக்கிறவனுக்கு கமிஷன் வேறயா? ஏதாவது சொல்லிடப் போறேன். சொந்தக் கார்டைத் தட்டினா கம்பெனிக்காரன் சந்தேகப்பட்டு கணக்கையே முடக்கிடுவான், தெரியுமா?"

"வேலை செய்யுதான்னு பார்த்தேன்மா."

"நல்லா பார்த்தீங்க போங்க." அந்த அம்மா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரித்திருக்கவும் மாட்டார், நல்ல மனுஷி. ஆனால் பெண் நம்மிடம் பேசுவதில்லை, அதனால் மணி அடித்துக் காட்டுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சாவிக்காரருக்கு அந்த வாய் இல்லை.

ஞாயிறு போன்கள் வந்தன, வராமல் போயின. வந்தபோதெல்லாம் அவர் ஏதாவது ஒரு நாளைச் சொல்வார். வெள்ளிக்கிழமை பத்துப் பன்னிரண்டு தட்டு என்பார். பார்த்தேன்ப்பா என்பாள். ஒரு வாரம் அதில் ஓடும்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில், போன் அடித்தது. மகள். வாரநாளில் அவள் கூப்பிட்டு எத்தனையோ காலமாயிற்று. இயந்திரத்தில் பாதி வெட்டிய சாவியை அப்படியே விட்டு, விசையை நிறுத்தி, கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தார். போன் பட்டனெல்லாம் பித்தளைத் தூள்.

"சொல்லும்மா. குழந்தை நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குப்பா. அப்பா, ஒரு நிமிஷம்தான், வேலையில இருக்கேன். வருஷக் கணக்கு எடுத்துப் பார்த்தேன். கமிஷன் மட்டும் இவ்வளவு போயிருக்கே, என்ன நடக்குது அங்க? ஒரே கார்டு, ஒரே நேரத்துல மூணு தடவை, நாலு தடவை தட்டியிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருஷம் பூரா இப்படித்தான். மெஷின் கோளாறா?"

சாவிக்காரருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை தட்டையும் பார்த்திருக்கிறாளே. பிறகுதான் ஏதோ உறுத்தியது.

"உனக்குத்தான் ஒவ்வொரு தட்டுக்கும் மணி அடிக்குமேம்மா."

"அதுவா? அதை எப்பவோ நிறுத்திட்டேன்ப்பா. குழந்தை பிறந்தப்பவே. தூங்கற நேரம் பார்த்து டிங்கு டிங்குன்னு அடிச்சு எழுப்பி விட்டுடும். இப்ப கணக்கு பார்க்க உள்ள போனப்பதான் இதையெல்லாம் பார்க்கறேன்."

 புதன்கிழமைக் கூட்டத்தையும் பார்த்தேன் என்றாள். வெள்ளிக்கிழமையையும் பார்த்தேன் என்றாள். அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பா மனம் கோணக் கூடாது என்று அவள் சொன்ன வார்த்தை அது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை.  அத்தனை மாதமும் அத்தனை சத்தமும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. இந்தப் படிக்கு அடியிலேயே அடித்து இந்தப் படிக்கு அடியிலேயே அடங்கியிருக்கிறது.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா? மெஷின்தானே கோளாறு?"

"ஆமாம்மா. மெஷின்தான்."

"அதானே பார்த்தேன். நான் கம்பெனிக்குப் பேசி வேற அனுப்பச் சொல்றேன். இனிமே இப்படி ஆகாது."

"ஆகாது."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா" என்றார். ஆகவில்லை. கத்தரிக்காயா, உப்புக் கூடிற்றா என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. அங்கே யாரோ அவளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "சரிம்மா, நீ வேலையைப் பாரு" என்று அவரே வைத்துவிட்டார்.

பாதி வெட்டிய சாவி இயந்திரத்திலேயே இருந்தது. அதை முடித்தார். விரலால் தடவிப் பார்த்தார், சரியாக வரவில்லை. இன்னொன்று எடுத்து வெட்டினார், அதுவும் சரியில்லை. சாவிக்கு உரியவர் வந்ததும், "நாளைக்கு வாங்க, இன்னைக்கு கை ஓடல" என்று திருப்பி அனுப்பினார். அப்படி அவர் யாரையும் திருப்பி அனுப்பி அந்தத் தெரு பார்த்ததில்லை. கடையைப் பொழுதோடு அடைத்துவிட்டுப் படியேறினார்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கண்டக்டர் வந்து நின்றார். வழக்கம்போலச் சாவியைத் தொலைத்திருந்தார். வீட்டிலிருந்த இன்னொன்றைக் கொடுத்து ஒன்று வெட்டச் சொன்னார். இந்தத் தரமாவது தொலைக்காமல் இருக்க வேண்டும் என்று ஒரு வளையமும் கேட்டார். சாவிக்காரர் வெட்டி, தேய்த்து, தடவிப் பார்த்து, வளையத்தில் கோத்துக் கொடுத்தார். மெஷினில் பன்னிரண்டு என்று அழுத்தி நீட்டினார். கண்டக்டர் தட்டிவிட்டு, அடுத்த தட்டுக்குக் கார்டைப் பிடித்தபடியே நின்றார்.

"முடிஞ்சுதுங்க" என்றார் சாவிக்காரர்.

"என்னண்ணே, இன்னைக்கு ஒரே தட்டா? மெஷின் முழிக்காதா?"

"கமிஷன் ஜாஸ்திங்க."

பக்கத்தில் கதவை மேலே தூக்கிக்கொண்டிருந்த மருந்துக்கடை அம்மா காதில் அது விழுந்தது. பாதி தூக்கிய கதவை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அப்பாடா, இப்பவாவது உறைச்சுதே. எத்தனை மாசமா கத்தறேன். இனிமே பாருங்க, எவ்வளவு மிச்சமாகும்னு."

"ஆகும்மா" என்றார்.

மிச்சமாகும்தான். அந்த முப்பது காசை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.